இடுப்பு முதலில்

தம்பி உள்ளே போய் ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் ஞானப்பூ மூன்று தடவை கதவைப் பார்த்துவிட்டாள். கதவில் பார்க்க என்ன இருக்கிறது. தடிமனான கதவு, ஓரமெல்லாம் ரப்பர், வெளிச் சத்தம் உள்ளே போகாது. உள்ளே அவள் தம்பி இருதயராஜ் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இடது கண்ணில் கட்டு. கையில் ஒரு பட்டன். கீச்சென்று கேட்டால் அமுக்க வேண்டும், கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். முக்கால் மணி ஆகும் என்றாள் டெஸ்ட் எடுக்கிற பெண். ஆகட்டும். எனக்கு ரிசல்ட் தெரியும். அவன் காது நன்றாக இருக்கிறது. அது தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். பதினோரு நாளாகத் தெரியும். பந்து அவன் பக்கம் போனபோது நான் கத்தவில்லை. கத்தினேன் என்று சொன்னேன். அவ்வளவுதான் விஷயம். இதற்காக மூன்று பேர் விடிகாலை பஸ் பிடித்து மலையிலிருந்து இந்த வெக்கைக்கு இறங்கி வந்து, டோக்கன் வாங்கி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். “சின்ன வயசுல எங்கப்பா இவனை ஒரு அறை அறைஞ்சாருங்க,” என்கிறாள் ஞானப்பூ. “சிலேட்டை உடைச்சதுக்கு. காதோட சேர்த்து. அப்பவே போயிருக்கும்.” எந்தக் காது என்று கேட்டேன். “இடதுதான். இல்ல, வலதோ.” செத்து முப்பது வருஷமான மனுஷன் தலையில் போடுகிறாள். போடட்டும் என்று நானும் உட்கார்ந்திருக்கிறேன். என் மாமனார். எனக்குப் பெண் கொடுத்த மனுஷன்.

கோல்ஃபில் ஒரு ஸ்விங்குக்கு, ஸ்டிக்கை ஓங்கிப் பந்தை அடித்து முடிக்க, ஆகிற நேரம் ஒன்றரை விநாடி. தும்முகிற நேரம். அதைச் சரிசெய்ய டாக்டர் மோகனரங்கனுக்கு எட்டு வருஷம் ஆயிற்று. எலும்பு டாக்டர். ஊரார் இடுப்பையெல்லாம் கழற்றி மாட்டுகிறவர், தன் இடுப்பைத் திருப்பத் தெரியாது. ஸ்டிக்கை மேலே கொண்டுபோகிறது அழகாகத்தான் இருக்கும். முதுகு முழுக்கத் திரும்பும், இடது தோள் தாடைக்கு அடியில் வந்து நிற்கும். கீழே வரும்போது அவசரம். தோள் முந்திக்கொள்ளும். தோள் முந்தினால் கை வெளியே தள்ளப்படும், ஸ்டிக் வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வரும், பந்தை அடிக்காது, சீவும். சீவின பந்து வலது பக்கம் வளைந்து காட்டுக்குள் ஓடும். ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் காட்டில் புகுந்து பந்து பொறுக்கினவன் இருதயம், இந்த இருதயராஜ்தான். நான் சொன்னது ஒன்றே ஒன்று. இடுப்பு முதல்ல சார். மேலே போனதும் கையை மறந்துவிடு, தோளை மறந்துவிடு, இடது இடுப்பை மட்டும் முன்னால் தள்ளு. இரண்டு கையிலும் சாமான் இருக்கும்போது ஜீப் கதவை எப்படி அடைப்பாய். இடுப்பால்தானே. அதே. இடுப்பு திரும்பினால் நெஞ்சு பின்னால் வரும், நெஞ்சு வந்தால் கை வரும், கை வந்தால் மணிக்கட்டு கடைசியில் தானே அவிழும். சவுக்கு சொடுக்குகிற மாதிரி. பிடிக்கிறவன் கை மெல்லத்தான் அசையும், நுனிதான் பறக்கும். இதைத்தான் அவர் ஒரு நாள் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். குச்சி குச்சியாக ஒரு மனுஷன், மூட்டுக்கு மூட்டு சிவப்புப் புள்ளி, பக்கத்தில் எண்கள். “சவரி, பாருப்பா, இடுப்புக்கும் தோளுக்கும் நாற்பத்தஞ்சு டிகிரி வித்தியாசம் வரணும். எனக்கு இருபதுதான் வருது.” எண் எதற்கு. அதைத்தானே எட்டு வருஷமாக மூன்று வார்த்தையில் சொல்கிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. கோல்ஃப் கிளப்பில் ஸ்டிக் பை தூக்க வந்து ஐம்பத்தொரு வருஷம். உடம்பைப் பார்த்தால் பந்து எங்கே போகும் என்று சொல்லிவிடுவேன். பந்தைப் பார்க்கவே வேண்டாம். அந்தத் திமிர்தான். பந்தைப் பார்க்கவே வேண்டாம்.

எதிரே ஒரு பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதன் காதில் மிஷினை மாட்டப் பார்க்கிறாள். குழந்தை பிடுங்கிப் பிடுங்கி எறிகிறது. அவள் பொறுமையாக எடுத்து எடுத்து மாட்டுகிறாள். சுவரில் ஒரு காதின் படம், சுருள் சுருளாக, நத்தை மாதிரி. ஞானப்பூ அதையும் பார்த்துவிட்டு, “இவ்வளவு இருக்கா உள்ள,” என்கிறாள். “ஏங்க, நீங்க எத்தனை தடவை கத்துனீங்க?” கேட்டுவிட்டாள். தினம் ஒரு தடவை இதைக் கேட்கிறாள். சந்தேகம் இல்லை. கணக்குப் போடுகிறாள். ஒரு தடவை கத்தியும் கேட்கவில்லை என்றால் காது எவ்வளவு போயிருக்கும், இரண்டு தடவை என்றால் எவ்வளவு. “ஒரு தடவை,” என்றேன். “சத்தமாவா?” “எப்பவும் போல.” எப்பவும் போல. நாக்கு கூசவில்லை. முதல் தடவை கூசியது. கிளப் செக்ரட்டரி அறையில், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபோது. கத்துனியா சவரிமுத்து. கத்தினேன் சார். அவர் எழுதிக்கொண்டார். எழுதினதும் உண்மை ஆகிவிட்டது. அடிக்கிற இடத்திலிருந்து எச்சரிக்கை கொடுக்கப்பட்டது, முன்னால் நின்றவர் காதில் விழவில்லை. ஆகவே காது பரிசோதனைச் சான்று இல்லாமல் அவரை வேலைக்கு விடக் கூடாது. எழுதினபடியே நடக்கிறது. ஒரு கண் போனவனுக்கு ஒரு வேலையாவது மிஞ்சும் என்று பார்த்தால், என் வாய் அதையும் காதோடு சேர்த்து எடுத்துக்கொண்டது.

பனிமூட்டம் இறங்கினால் எங்கள் வழக்கம் இது. ஒருவன் முன்னாலேயே போய், பந்து விழுகிற தூரத்தில் மரத்துக்குப் பின்னால் நிற்பான். அவனுக்கு நாங்கள் தெரியமாட்டோம், எங்களுக்கு அவன் தெரியமாட்டான். ஸ்டிக் பந்தில் படுகிற சத்தம் மட்டும் அவனுக்குக் கேட்கும். பந்து மூட்டத்துக்குள் நுழைகிறவரை, ஒரு அறுபது கஜம், என் கண்ணுக்குத் தெரியும். அவன் நிற்கிற பக்கமாகக் கிளம்பினால் நான் ‘ஃபோர்’ என்று, பந்து வருது ஜாக்கிரதை என்று அர்த்தம், கத்த வேண்டும். கத்தினால் அவன் மரத்தை விட்டு அசையமாட்டான். கத்தாவிட்டால் வெளியே வந்து நின்று, பந்து எங்கே விழுகிறது என்று காதைக் கொடுப்பான். நான் பேசாமல் இருந்தால் வா என்று அர்த்தம். பந்து பறக்கிற நேரம் ஐந்து விநாடி. முதல் விநாடி என்னுடையது. மிச்சம் அவனுடையது. இருபத்தாறு வருஷம் இப்படித்தான் நானும் அவனும். ஒரு தடவையும் தப்பவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழாவது ஹோலில் அவன் நின்றது இடது பக்கக் கற்பூர மரம். டாக்டர் அடிக்கிறபோது அவன் நிற்பது எப்போதும் இடது பக்கம்தான். அவர் பந்து வலது பக்கம்தானே போகும். எட்டு வருஷம் அங்கேதான் நின்றான், ஒரு இலைகூட அவன் மேல் விழுந்ததில்லை. நான்தான் டாக்டரை மாற்றினேன். அன்றைக்குக் காலையில்தான், ஆடப் போகிறதற்கு முன்னால், அடித்துப் பழகுகிற வலையில் நிற்க வைத்து இடது கையைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பிப் பிடிக்க வைத்தேன். மேலேயிருந்து பார்த்தால் இரண்டு விரல் முட்டி தெரிந்த இடத்தில் மூன்று தெரிய வேண்டும். வலது கக்கத்தில் கைக்குட்டையைச் செருகி, அது விழாமல் அடி என்றேன். முழங்கை விலாவோடு ஒட்டி வந்தது. இருபது பந்து. வலைக்குள் அடிக்கிற பந்து எந்தப் பக்கம் போகும் என்று யாருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அப்படிப் பிடித்து, இடுப்பும் சரியாகத் திரும்பினால், ஸ்டிக்கின் முகம் மூடிக்கொண்டு வரும். பந்து இடது பக்கம் கிளம்பும். முதலில் எல்லாருக்கும் அப்படித்தான். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பந்து இடது பக்கம் போகும் என்று தெரிந்தவன் ஒருவன், இடது பக்கம் ஆள் நிற்கிறான் என்று தெரிந்தவன் ஒருவன். இரண்டு பேரும் நான்தான். இரண்டு பேரும் அன்றைக்குப் பேசிக்கொள்ளவில்லை.

அடித்தார். இதை நான் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. பாத்ரூமில், கோயில் பெஞ்சில், பஸ்ஸில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும். ஸ்டிக் மேலே போகிறது. நிற்கிறது. அந்த நிற்கிற இடம், அது எட்டு வருஷமாக இல்லாத இடம். தோள் இன்னும் மேலேயே இருக்கிறது, இடது குதிகால் தரையில் அழுந்துகிறது, இடுப்பு, அந்தப் பிடிவாதம் பிடித்த இடுப்பு, கதவைச் சாத்துகிற மாதிரி திரும்புகிறது. தோள் காத்திருக்கிறது. காத்திருக்கிறது. முதுகில் சட்டை முறுக்கிக்கொண்டு ஒரு மடிப்பு விழுகிறது, வலது தோளிலிருந்து இடது இடுப்புக்கு. அந்த மடிப்பைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவிழ்கிறது. பட் என்று ஒரு சத்தம். நல்ல அடியின் சத்தம் வேறு. கேட்டவனுக்குத் தெரியும், கையில் ஒரு அதிர்வும் இருக்காது. நான் பந்தைப் பார்க்கவில்லை. அவர் முடித்து நின்ற நிலையைப் பார்த்தேன். எடை முழுக்க இடது காலில், வலது பாதம் நுனியில், பெல்ட் கொக்கி இலக்கைப் பார்த்து. தலையைத் தூக்காதே என்று நான் சொல்லியிருந்தேன், அதனால் அவரும் பார்க்கவில்லை. இரண்டு பேரும் பார்க்கவில்லை. எனக்குச் சந்தோஷம். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. நெஞ்சு நிறைந்த சந்தோஷம். என் விநாடி அதில் போனது. மூட்டத்துக்குள்ளிருந்து இன்னொரு சத்தம் வந்தது. ஈரத் துணியைக் கல்லில் ஒரே ஒரு தடவை அடித்த மாதிரி. மரத்தில் பட்டிருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேனா. நினைத்துக்கொண்டேன். “எங்கே போச்சு சவரி?” “நடுவுல சார்.” பார்க்காமலே சொன்னேன். அதுதான் முதல் பொய். அப்புறம் அந்த இருநூறு கஜத்தையும் இடுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே நடந்தோம். வேகமாகக்கூட நடக்கவில்லை. அவர் குழந்தை மாதிரி ஸ்டிக்கை வீசி வீசி, “இப்படியா, இப்படியா?” என்று கேட்டுக்கொண்டு வந்தார். இருதயம் மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். ஒரு கையால் முகத்தைப் பொத்தியிருந்தான். விரல் இடுக்கெல்லாம் ரத்தம். எங்கள் காலடிச் சத்தம் கேட்டதும் இன்னொரு கையால் புல்லைத் தடவிக்கொண்டே, “பந்து இங்கதான் சார் எங்கேயோ கிடக்கு,” என்றான்.

டாக்டர் அழுதார். எலும்பை அறுக்கிற மனுஷன், புல்லில் மண்டியிட்டுச் சட்டையைக் கழற்றிக் கட்டினார். மோசமான அடி சவரி, என் கை திரும்பிடுச்சு, மோசமான அடி என்று இன்றைக்கும் போனில் சொல்கிறார். மோசமான அடியா. அவர் ஆயுசில் அடித்த ஒரே நல்ல அடி அது. அதை நான் சொல்ல முடியாது. சொன்னால் எப்படித் தெரியும் என்பார். உடம்பைப் பார்த்தேன் என்பேன். பந்தைப் பார்க்கவில்லையா என்பார். இந்த இடத்தில் வந்து மாட்டிக்கொள்கிறது. எந்தப் பக்கத்திலிருந்து கிளம்பினாலும் இங்கேயே வந்து நிற்கிறது. பந்தைப் பார்க்கவில்லையா.

இருதயம் பக்கத்து வீடுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் காதைச் சோதித்துக்கொள்வது எனக்குக் கேட்கிறது. மகளைக் கதவுக்கு வெளியே நிற்க வைத்து, “ஏதாவது சொல்லு பாப்பா, மெதுவா சொல்லு,” என்கிறான். அவள் சொல்கிறாள். “கேட்டுச்சு. ஆனா நீ நிக்கிறது தெரிஞ்சுதான் கேட்டுச்சு. தெரியாம சொல்லு.” தெரியாமல் எப்படிச் சொல்வாள், பைத்தியம். கிளப்பில் பை தூக்குகிற பயல்கள் வந்து பார்த்தார்கள். ஆளுக்கு ஆள் தொண்டை கிழியக் கத்துகிறார்கள், “அண்ணே, சாப்டீங்களா?” என்று. அவனும் பதிலுக்குக் கத்துகிறான். போன வாரம் நான் போய் உட்கார்ந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை, என் உதட்டைப் பார்த்தான். “மச்சான், கத்துனது நீங்க. உங்க குரல் எனக்குத் தூக்கத்துலயும் கேக்கும். அதுவே கேக்கலன்னா நான் செவிடுதான்.” அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஞானப்பூ காபியோடு வந்தாள். காபி குடித்தேன். இவளுக்குத் தெரிந்தால் என்ன செய்வாள் என்று யோசித்தேன். அழமாட்டாள். சண்டை போடமாட்டாள். சமைப்பாள். வேளாவேளைக்குத் தட்டில் போட்டு வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள், நான் சாகிறவரைக்கும். அதுதான் எனக்குப் பயம். வேலை போகும் என்று பயமில்லை. அறுபத்தெட்டு வயசு, வேலை போனால் போகட்டும்.

கதவு திறந்தது. இவ்வளவு நேரமா ஆயிற்று. டெஸ்ட் எடுத்த பெண் கையில் ஒரு தாளோடு வந்தாள். இருதயம் பின்னால், சுவரைத் தொட்டுக்கொண்டு. ஒரு கண்ணில் தூரம் இன்னும் பழகவில்லை அவனுக்கு. “ரெண்டு காதும் நல்லா இருக்கு ஐயா. அவர் வயசுக்கு ரொம்பவே நல்லா இருக்கு. நடுவுல சத்தம் குடுக்காம விட்டும் பார்த்தேன், ஏமாறவே இல்ல.” ஞானப்பூ சிலுவை போட்டுக்கொண்டாள். அப்புறம் அவள் முகம் மாறியது. நான் எதிர்பார்த்ததுதான். “அப்ப ஏன்டா தம்பி அன்னிக்குக் கேக்கல?” அவன் தரையைப் பார்த்தான். “மூட்டத்துல அமுங்கியிருக்கும்க்கா.” “மூட்டத்துல சத்தம் அமுங்குமா?” இது என்னைப் பார்த்து. “அமுங்கும்,” என்றேன். அமுங்காது. ஈரக் காற்றில் சத்தம் இன்னும் நன்றாகவே போகும். அவள் தாளை வாங்கிக்கொண்டு முத்திரை போட கவுண்டருக்குப் போனாள். பத்தடி தூரம்.

இருதயம் என் பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலால் இடித்தான். முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு. பதினோரு நாளில் முதல் சிரிப்பு. “மச்சான், யார்கிட்டயும் சொல்லாதீங்க. ஏமாத்திட்டேன்.” என்னடா ஏமாத்தினாய் என்றேன். “கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பொண்ணு உக்காந்திருந்துச்சா. கை தெரியாது. ஆனா அது பட்டனைத் தட்டறப்ப வலது தோள் ஒரு நூல் ஏறுது. அதைப் பார்த்து அமுக்கினேன். சத்தம் கேட்டுச்சா, தோளைப் பார்த்ததால கேட்ட மாதிரி இருந்துச்சா, எனக்கே தெரியல. அது சும்மா இருந்தா நானும் சும்மா இருந்துட்டேன். வேலைக்கு விட்டுருவாங்கல்ல மச்சான்?” தோள் ஒரு நூல் ஏறுகிறது. ஒரு கண்ணால் பார்த்திருக்கிறான். உடம்பைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவன் நான். ஆக முடிந்தது. சான்றிதழ் வந்துவிட்டது, வேலை வந்துவிடும், யாரும் இனி ஒன்றும் கேட்கமாட்டார்கள். செவிடு என்று நம்பிக்கொண்டு, ஊரை ஏமாற்றிவிட்டதாகவும் நம்பிக்கொண்டு, இவன் சாகிறவரை இருப்பான். மூட்டத்தில் போய் மரத்துக்குப் பின்னால் நிற்பான். சத்தம் வரவில்லை என்றால் வரவில்லையா, தனக்குத்தான் கேட்கவில்லையா என்று தெரியாமல் ஒவ்வொரு பந்துக்கும் நடுங்கிக்கொண்டு நிற்பான். என்றைக்காவது பயத்தில் தப்பான நேரத்தில் நகர்வான். நான் ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பது எனக்குத்தான் வருமே.

“டேய், உனக்குக் காது நல்லாத்தான் கேக்குது,” என்றேன். “நான் அன்னிக்குக் கத்தல.”

மெதுவாகத்தான் சொன்னேன். அவனுக்கு மட்டும் சொல்வதாக நினைத்தேன். அவன் சிரிப்பு மாறாமல் என் உதட்டைப் பார்த்தான். கையைக் குவித்துக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு முகத்தை என் பக்கம் நீட்டினான்.

“என்ன மச்சான்? கேக்கல. சத்தமா சொல்லுங்க.”

கவுண்டரில் ஞானப்பூ தாளை மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே குழந்தை மிஷினை எறிந்தது, தாய் குனிந்தாள். கேட்கவில்லையா, கேட்டும் நம்ப முடியவில்லையா, அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு கண்ணில் எவ்வளவு தெரியும். காதருகே போய்ச் சொல்லலாம். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம். எழுந்து நின்றேன். வயிற்றிலிருந்து மூச்சை இழுத்தேன்.

“நான் கத்தல! பந்தைப் பார்க்கவே இல்ல! கத்தினேன்னு பொய் சொன்னேன்!”

நடைவழி முழுக்கப் போயிற்று சத்தம். மருந்துக் கவுண்டர் ஆள் எட்டிப் பார்த்தான். குழந்தை அழுகையை நிறுத்தியது. ஞானப்பூ திரும்பவில்லை. மடித்த தாளை இன்னும் ஒரு மடிப்பு மடித்தாள், இன்னும் ஒன்று.

இருதயம் காதுக்குப் பின்னால் வைத்திருந்த கையைக் கீழே இறக்கினான்.